யாழ்ப்பாணத்துப் பதின்ம வயதினரிடம் சதிக் கோட்பாட்டு நம்பிக்கையை அளப்பது எப்படி?

தரம் 10 இல் படிக்கும் மாணவி ஒருவரிடம் ஒரு கூற்று எழுதிய தாளைக் கொடுத்து, அதை வாசிக்கும்போது மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டேன். "அரசாங்கங்கள் முக்கியமான விடயங்களை மக்களுக்குத் தெரியாமல் மறைக்கின்றன" என்பதே அந்தக் கூற்று. ஐந்து கட்டங்களில் கடைசிக் கட்டமான 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதில் அவர் தயங்காமல் புள்ளடி இட்டார். ஏன் என்று கேட்டபோது, "அம்மாவின்ர தம்பிக்கு என்ன நடந்ததெண்டு இண்டைக்கு வரைக்கும் ஆரும் சொல்லேல்லையே, சேர்" என்றார். அதே விறாந்தையில், அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, இன்னொரு வகுப்பு மாணவன் அதே கட்டத்தில் புள்ளடி இட்டார். உலகத்தையே ஓர் இரகசியக் கூட்டம் நடத்துகிறது என்றும், பெரிய பாடகர்கள் மேடையில் கையால் காட்டும் முக்கோணம் அதற்கு அடையாளம் என்றும் தான் பார்த்த காணொளியொன்றைக் காரணமாகச் சொன்னார். இரண்டு தாள்களிலும் இலக்கம் 5. கணினியில் பதிந்தால் இருவரும் ஒரே ஆள்.

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த இரண்டு ஐந்துகள்தான். பட்டப்படிப்பு ஆய்வுக்காகவோ, பாடசாலை வழிகாட்டல் ஆலோசனைப் பணிக்காகவோ, ஊடகக் கல்வித் திட்டமொன்றின் பயனை அறிவதற்காகவோ பதின்ம வயதினரின் சதிக் கோட்பாட்டு நம்பிக்கையை அளக்க விரும்புவோர் இங்கே கூடி வருகின்றனர். அவர்களிற் பலர் பிறநாட்டு வினாக்கொத்து ஒன்றை எடுத்து, தமிழாக்கி, நூறு பிள்ளைகளிடம் கொடுத்துக் கூட்டிக் கழிக்கின்றனர். போரும் காணாமற்போதலும் வீட்டுக் கதையாக இருக்கும் ஒரு மண்ணில் அப்படிச் செய்தால், அனுபவத்தால் வந்த சந்தேகமும் ஆதாரமற்ற கற்பனையும் ஒரே தராசில் ஏறிவிடும். அவற்றைப் பிரித்தெடுப்பதே இந்த அளவீட்டின் முக்கிய வேலை என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகவே.

படி 1: அளக்கப்போகும் பொருளை வரையறுத்தல்

சக்தி வாய்ந்த சிலர் கூடி, மறைவாக, தீய நோக்கத்தோடு செய்த திட்டமே ஒரு நிகழ்வுக்குக் காரணம் என்று, போதிய ஆதாரம் இல்லாமல் சொல்லும் விளக்கத்தைச் சதிக் கோட்பாடு என்கிறோம். 'போதிய ஆதாரம் இல்லாமல்' என்ற சொற்களை வரையறையில் இருந்து எடுத்துவிட்டால், உண்மையில் நடந்த சதிகளும் இதற்குள் வந்துவிடும். அவ்வாறானவை உலகில் உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும், பென்சிலின் கிடைத்த பிறகும் சிகிச்சை தராமலும், அந்நாட்டு அரச சுகாதாரத் துறை நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தது. எனவே "அரசுகள் மக்கள்மீது இரகசியப் பரிசோதனை செய்ததுண்டு" என்ற கூற்றுக்கு 'ஆம்' என்று சொல்லும் பிள்ளை வரலாறு தெரிந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

உள்ளூரில் மூன்று எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். முதலாவது, சுன்னாகம் கிணறுகள். மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்று அப்பகுதி மக்கள் சொன்னபோது அதை மிகைப்படுத்திய கதை என்று ஒதுக்கியவர்கள் இருந்தனர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரண்டாவது, உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று 2011 ஓகஸ்டில் நாடு முழுவதும் பரவிய கிறீஸ் பூதக் கதை. அது முதலில் வதந்தி மட்டுமே. 'இன்னார்தான் திட்டமிட்டு அனுப்புகிறார்கள்' என்ற விளக்கம் சேர்ந்தபோதுதான் அது சதிக் கோட்பாட்டின் வடிவத்தை எடுத்தது. நாவாந்துறையில் மக்களும் படையினரும் மோதிக்கொள்ளும் அளவுக்கு அச்சம் வளர்ந்தது. மூன்றாவது, 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாகக் கிளம்பிய கதை. உணவில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன.

முதலாவதை நம்பியவர் சரியானவர். இரண்டாவதை நம்பியவர் அச்சப்பட்டவர். மூன்றாவதை நம்பியவர் சதிக் கோட்பாட்டை நம்பியவர். உங்கள் வினாக்கொத்து இந்த மூவரையும் மூன்று இடங்களில் நிறுத்துமா என்று கேட்டுப் பாருங்கள். நிறுத்தாது என்றால் வேலையை இன்னும் தொடங்க வேண்டாம்.

படி 2: இருக்கும் அளவுகோல்களை அறிதல்

புதிதாக எழுதுவதற்கு முன் ஏற்கெனவே உள்ளவற்றைப் படிக்க வேண்டும். ரொப் பிரதர்ட்டன், கிறிஸ்ரோபர் பிரெஞ்ச், அலன் பிக்கரிங் ஆகியோர் 2013 இல் வெளியிட்ட பொதுச் சதி நம்பிக்கை அளவுகோலில் 15 கூற்றுகள் உண்டு. அரசின் தீச்செயல், உலகளாவிய இரகசியக் குழு, வேற்றுக்கிரக உயிர்களை மறைத்தல், தனிமனித நலனுக்கும் உரிமைக்கும் அச்சுறுத்தல், தகவலைக் கட்டுப்படுத்தல் என்ற ஐந்து பிரிவுகளை அவை தொடுகின்றன. அது வளர்ந்தோருக்கானது, வசனங்கள் நீளமானவை. அதே ஆண்டில் மார்ட்டின் புறூடரும் அவருடன் சேர்ந்தோரும் வெளியிட்ட சதி மனப்பாங்கு வினாக்கொத்தில் 5 கூற்றுகள் மட்டுமே. 0 இலிருந்து 100 வீதம் வரை பதினொரு படிகளில் விடை குறிக்க வேண்டும். புள்ளிகளோடே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு வீதக் கணக்கு எளிதாகப் பிடிபடுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும், 35க்குக் கீழே குறித்தால் 'பெயில்' என்ற எண்ணமும் அவர்களோடு வருகிறது.

பதின்ம வயதினருக்கென்றே செய்யப்பட்டது 2021 இல் பிரித்தானியாவில் டானியல் ஜோலி, கேரன் டக்ளஸ் முதலியோர் வெளியிட்ட அளவுகோல். 11 முதல் 17 வயது வரையானோருக்கு ஏற்றதாக 9 கூற்றுகளைக் கொண்டது. ஏறத்தாழ 14 வயதிலிருந்து சதி நம்பிக்கை கூடி நிற்பதாக அவ்வாய்வாளர்கள் அறிவித்தனர். எங்கள் கணக்கில் அது தரம் 9. கைத்தொலைபேசி தனியாகக் கைக்கு வருகிற, ரியூசனுக்குத் தனியாகச் சைக்கிளில் போகிற வயது. அதனால் மாதிரியில் தரம் 8, 9, 10 மூன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன். உயர்தர வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் மாற்றம் நிகழும் இடத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

எங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது நான்காவது. அனா ஸ்டோயானொவும் ஜேமின் ஹால்பர்ஸ்டாட்டும் 2019 இல் வெளியிட்ட அளவுகோல், பகுத்தறிவுக்குட்பட்ட சந்தேகத்தையும் சதி மனப்பாங்கையும் இரண்டு தனித்தனிப் பகுதிகளாக அளக்கிறது. விறாந்தையில் இருந்த அந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்துக் காட்டுவதற்கான வழி இந்தச் சிந்தனையில்தான் இருக்கிறது. கூற்றுகளை அப்படியே எடுக்காவிட்டாலும் இந்த இரட்டைக் கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அளவுகோலை மொழிபெயர்ப்பதானாலும் ஆக்கியோரிடம் எழுத்தில் அனுமதி பெறுவது முறை.

படி 3: கூற்றுகளைத் தமிழில் எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒப்பிடுவதும், மூன்றாமவர் தமிழிலிருந்து மூலமொழிக்கு மீள்மொழிபெயர்த்துப் பார்ப்பதும் வழக்கமான நடைமுறை, அதைச் செய்யுங்கள். ஆனால் மீள்மொழிபெயர்ப்புக் காட்டிக்கொடுக்காத சிக்கல்கள் சில தமிழிலேயே, அதிலும் யாழ்ப்பாணத் தமிழிலேயே உண்டு.

'இரகசிய இயக்கங்கள் உலகைக் கட்டுப்படுத்துகின்றன' என்று எழுதினால் அகராதிப்படி பிழையில்லை. ஆனால் இங்கே 'இயக்கம்' என்றால் ஆயுதப் போராட்டக் குழு; அந்தச் சொல்லுக்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. பிள்ளை அந்தச் சொல்லைக் கண்டதும் பேனாவை நிறுத்திவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார். 'அமைப்பு' என்பதும் ஓரளவு அப்படியே. 'யாருக்கும் தெரியாத ஒரு சிறு கூட்டத்தார்' என்று நீட்டி எழுதுவது நல்லது. 'அரசாங்கம்' என்று ஒருமையில் எழுதினால் கொழும்பு மட்டுமே மனதில் வரும். 'உலக நாடுகள் பலவற்றின் அரசுகள்' என்றால் கேள்வி பொதுவாகும்.

செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். 'தடுப்பூசிகளின் தீங்குகள் மறைக்கப்படுகின்றன' என்ற வசனத்தில் மறைப்பவர் யார் என்பது இல்லை. சதிக் கோட்பாட்டில் செய்பவர் யார் என்பதே உயிர்நாடி. அவரை விட்டுவிட்டு எழுதினால் நீங்கள் அளப்பது பொதுவான பயத்தை மட்டுமே. மறுபுறம், 'மருந்துக் கம்பனிகளும் வைத்தியர்களும் தடுப்பூசியின் தீங்குகளை அறிந்தும் இலாபத்துக்காக மறைக்கின்றனர்' என்பதில் நான்கு கூற்றுகள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. கம்பனியைச் சந்தேகிக்கும், ஆனால் வைத்தியரை நம்பும் பிள்ளை எதில் புள்ளடி இடுவார்?

'ஆம்' என்னும் விகுதியையும் கேட்கும்போது விலக்க வேண்டும். 'சந்திரனுக்கு ஆக்கள் போகவே இல்லையாம்' என்று வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தபோது பல பிள்ளைகள் 'ஓம்' என்றனர். தோண்டிக் கேட்டால், 'ஓம், அப்பிடி ஒரு கதை இருக்கு' என்பதே அவர்கள் சொன்னதன் பொருள். கேள்விப்பட்டதை ஒப்புக்கொண்டார்கள், நம்பியதாகச் சொல்லவில்லை. 'நம்புகிறேன்' என்ற சொல்லும் தொல்லை தரும். அது கோயில் வாசலில் சொல்லும் சொல். 'பஸ் வரும் எண்டு நம்புறன்' என்பதில் எதிர்பார்ப்பைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஆதலால் விடைக் கட்டங்களுக்கு இவற்றையே நான் பயன்படுத்துகிறேன்: நிச்சயமாகப் பொய், பெரும்பாலும் பொய், உண்மையோ பொய்யோ என்று சொல்ல முடியவில்லை, பெரும்பாலும் உண்மை, நிச்சயமாக உண்மை. இவற்றுக்கு வெளியே, சற்று விலகி, 'இதை நான் இதுவரை கேள்விப்படவில்லை' என்ற தனிக் கட்டம் ஒன்றும் வேண்டும். கேள்விப்படாதவரை நடுக் கட்டத்தில் தள்ளிவிட்டால் அறியாமை அரை நம்பிக்கையாகப் பதிவாகிவிடும்.

எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் இருந்தால், எதற்கும் தலையாட்டும் பழக்கம் உள்ள பிள்ளை பெரிய சதி நம்பிக்கையாளராகத் தோன்றுவார். அதைத் தவிர்ப்பதற்காக எதிர்மறைக் கூற்றுகளைச் சேர்ப்பது வழமை. 'அரசுகள் உண்மையை மறைப்பதில்லை என்பது பொய்' போன்ற இரட்டை எதிர்மறை தமிழில் பெரியவர்களையே தடுமாற வைக்கும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. சில கேள்விகளை இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி அமைப்பதே சிறந்தது. உதாரணமாக: "(அ) 1969 இல் மனிதர் சந்திரனில் இறங்கினர். (ஆ) அது படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த படம். எது உண்மையாக இருக்கும் என நினைக்கிறீர்கள்?" தலையாட்டுவதற்கு அங்கே இடமில்லை.

கூற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, சதி மனப்பாங்குக்கு 8 அல்லது 9, நியாயமான சந்தேகத்துக்கு 5 அல்லது 6 போதும். சந்தேகப் பகுதியில் 'அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதை வேறொரு வழியிலும் சரிபார்க்க வேண்டும்', 'புதிய ஆதாரம் வந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்' போன்றவை வரலாம். சதிப் பகுதியில் 'உலகின் பெரிய நிகழ்வுகளை ஒரு சிறு கூட்டத்தார் முன்கூட்டியே திட்டமிடுகின்றனர்', 'தற்செயலாக நடந்ததாகத் தோன்றும் அனர்த்தங்களுக்குப் பின்னால் எப்போதும் யாரோ இருக்கின்றனர்' போன்றவை வரலாம். 'எப்போதும்' என்ற சொல் அங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மாமாவை இழந்த பிள்ளை 'சில வேளைகளில்' என்று சொல்லி அந்த இடத்தில் பிரிந்து நிற்பார்.

ஓர் இனத்தையோ மதத்தையோ சதிகாரராகக் காட்டும் கூற்றை எழுதாதீர்கள். அம்பாறைக் கதையை வினாக்கொத்தில் இட்டால், முஸ்லிம் மக்கள் வாழும் சோனகதெருவிலிருந்து வந்து அதே வகுப்பில் இருக்கும் பிள்ளையும் அதை வாசிக்க வேண்டியிருக்கும். ஆய்வுக்காக ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

படி 4: வாய்விட்டுச் சிந்திக்க வைத்தல்

எழுதிய கூற்றுகளை எட்டு முதல் பன்னிரண்டு பிள்ளைகளிடம் ஒவ்வொருவராக எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவும், எந்த நிகழ்வு மனதில் வந்தது என்று கூறவும், ஏன் அந்தக் கட்டத்தைத் தெரிவுசெய்தார் என்று விளக்கவும் கேளுங்கள். நகரப் பாடசாலைப் பிள்ளைகளை மட்டும் தெரிவுசெய்யாமல் தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் சிலரைச் சேருங்கள். இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் பின்னர் புள்ளிவிபரத்தில் காணும் குழப்பத்தை எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாது. என் தொடக்கக் கூற்றான 'அரசாங்கங்கள் முக்கியமான விடயங்களை மறைக்கின்றன' இங்கேதான் கழிக்கப்பட்டது.

பிள்ளைகள் சொன்னதை அவர்களுடைய பேச்சுமொழியிலேயே எழுதி வையுங்கள். "உதெல்லாம் செற்றப், சேர்" என்று ஒரு மாணவன் சொன்னதை 'இவை திட்டமிடப்பட்டவை' என்று நான் திருத்தி எழுதியிருந்தேன். பிறகு கேட்டபோது, 'நம்பமுடியாத, நடிப்பான' என்ற பொருளில்தான் அவர் அதைச் சொல்லியிருந்தார். தான் பார்த்த சதிக் காணொளியைத்தான் அவர் பொய் என்றார். நான் எழுதியதோ நேர்மாறு.

படி 5: அனுமதியும் பாதுகாப்பும்

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. மாகாணப் பாடசாலைகளுக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தினதும் வலயக் கல்வி அலுவலகத்தினதும் அனுமதியும், தேசிய பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சின் அனுமதியும், அதன் பிறகு அதிபரின் இணக்கமும் தேவை. பல்கலைக்கழக ஆய்வாயின் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் ஒப்புதல் இவற்றுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டோர் என்பதால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதற்கு மேல், 'எனக்கு விருப்பமில்லை' என்று பிள்ளை சொன்னால் பெற்றோரின் கையொப்பம் செல்லாது. பெயர், சுட்டெண், முகவரி எதுவும் தாளில் வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்து வையுங்கள்.

இங்கே இன்னுமொரு கடமை உண்டு. 'ஒளித்து வைத்தல்', 'கொண்டுபோதல்' போன்ற சொற்கள் சில வீடுகளில் ஆறாத காயங்கள். வினாக்கொத்து நடக்கும்போது ஒரு பிள்ளை அழுதால் யாரிடம் அழைத்துச் செல்வது என்பதை முன்னரே தீர்மானித்து, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் அன்று பாடசாலையில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். தடுப்பூசி பற்றிய கூற்றுகளிலும் அவதானம் வேண்டும். தரம் 6 மாணவிகளுக்கு 2017 முதல், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி இரண்டு தடவையாக வழங்கப்படுகிறது; முதல் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையில் 'இது மலட்டுத்தன்மை தரும்' என்ற கதையை வினாக்கொத்து வழியாக ஒரு பிள்ளை முதன்முறை கேள்விப்பட்டால், அந்தக் கதையை அவரிடம் கொண்டு சேர்த்தவர் நீங்கள்தான். ஏற்கெனவே பரவலாக அறியப்பட்டதையோ பொதுப்படையானதையோ மட்டும் கேளுங்கள்.

படி 6: மாதிரியைத் தெரிதல்

அறிமுகமான இரண்டு பிரபல பாடசாலைகளோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் அது அந்த இரண்டு பாடசாலைகளைப் பற்றிய ஆய்வாக மட்டுமே இருக்கும். ஐந்து வலயங்களிலும், ஆண்கள், பெண்கள், கலவன் பாடசாலைகளிலும், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவற்றிலும் தரம் 11 உடன் முடிபவற்றிலும் இருந்து எழுமாறாகத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரே வகுப்பில் இருப்போர் ஒரே வட்சப் குழுவில் இருப்பவர்கள். ஒரே காணொளியைப் பார்த்தவர்கள். ஆகவே முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பு முப்பது தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. ஒரே வகுப்பினரின் விடைகள் ஒன்றையொன்று ஒத்துப்போகும் அளவு 0.05 என்று வைத்தால், மாதிரியை எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்று காட்டும் பெருக்குக் காரணி 1 + (29 × 0.05) = 2.45 ஆகும், அதாவது 600 பிள்ளைகளிடம் எடுத்த தரவு, எழுமாறாகத் தெரிவுசெய்த ஏறத்தாழ 245 பேருக்குச் சமன். இதனால் ஒரு பாடசாலையில் ஐந்து வகுப்புகளை எடுப்பதைவிட ஐந்து பாடசாலைகளில் ஒவ்வொரு வகுப்பை எடுப்பது எவ்வளவோ மேல். அலைச்சல் கூடத்தான்; நெடுந்தீவுக்குப் போய்வர ஒரு முழுநாள் வேண்டும். ஆனாலும் போக வேண்டும்.

படி 7: வகுப்பறையில்

அச்சடித்த தாளே நல்லது. இணையப் படிவத்தை வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் ஒருவர் தோளுக்கு மேலால் பார்த்து விடை சொல்வார். யூரியூப்பில் தேடிப் பார்த்து எழுதுவோரும் உண்டு. 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் அறிமுகத்துக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் 20 கூற்றுகளை அவசரமின்றி முடிக்கலாம்.

வகுப்பாசிரியர் வெளியே நிற்க வேண்டும். இதை அதிபரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லி இணங்க வைப்பது உங்கள் பொறுப்பு, ஏனெனில் அன்று காலையில் ஆசிரியரை வெளியே போகச் சொல்வது மரியாதையாக இராது. நான் முதன்முதலில் சென்ற வகுப்பில், தாள்கள் கொடுத்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, முன் வரிசையில் இருந்த மாணவன் எழுந்து, "சேர், இதுக்கு எத்தினை மார்க்ஸ்?" என்று கேட்டார். பின்னால் ஒருவர் வெள்ளை மையால் தன் விடையை அழித்து, பக்கத்தில் இருந்தவரின் தாளைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார். அன்றைய தாள்களை நான் பயன்படுத்தவில்லை. அதற்குப் பின் எப்போதும் கதிரைகளைத் தள்ளிப் போட்டு, கரும்பலகையில் பெரிதாக இப்படி எழுதிவிட்டே தொடங்குகிறேன்: 'இது பரீட்சை அல்ல. சரியான விடை, பிழையான விடை என்று எதுவும் இல்லை. நீங்கள் நினைப்பதே விடை.' எழுதிய பிறகு அதை ஒரு மாணவரைக் கொண்டு உரக்க வாசிக்கவும் வைப்பேன். நிரப்பிய தாளை என் கையில் தராமல் மூடிய பெட்டியொன்றில் அவர்களே போட வேண்டும்.

கேள்விப்பட்டாரா, உண்மை என எண்ணுகிறாரா, பிறருக்கு அனுப்பியிருக்கிறாரா என்ற மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். நம்பாமலே, சிரிப்புக்காகப் பகிரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம்பியும் ஒருவரிடமும் சொல்லாதோரும் இருக்கிறார்கள்.

படி 8: கணக்கு

முதலில் தாள்களைக் கண்ணால் பாருங்கள். எல்லாக் கட்டங்களிலும் ஒரே நேர்கோட்டில் புள்ளடி இட்டவை, 'இக்கூற்றுக்குப் பெரும்பாலும் பொய் என்பதைக் குறிக்கவும்' போன்ற கவனச் சோதனையில் தவறியவை ஆகியவற்றைத் தனியே வையுங்கள். எத்தனை என்று அறிக்கையில் சொல்லுங்கள்.

அடுத்து, சதிக் கூற்றுகளும் சந்தேகக் கூற்றுகளும் உண்மையிலேயே இரண்டு கூட்டங்களாகப் பிரிகின்றனவா என்று காரணிப் பகுப்பாய்வினால் பாருங்கள். இதற்கு 300 தாள்களாவது இருந்தால் நிம்மதி. இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் படி 3 க்குத் திரும்பிப் போக வேண்டும். குறொன்பாக் அல்பா 0.7 க்கு மேல் வந்துவிட்டது என்பதோடு பலர் திருப்திப்பட்டுவிடுகின்றனர். அல்பா கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை மட்டுமே சொல்லும். எதை அளக்கின்றன என்று சொல்லாது. போர் நினைவை அளக்கும் ஒன்பது கூற்றுகளும் மிக உயர்ந்த அல்பாவைத் தரும். ஒரு வகுப்பிலாவது இரண்டு வாரத்துக்குப் பிறகு திரும்பக் கொடுத்து விடைகள் நிலைக்கின்றனவா என்றும் பாருங்கள். பெயரில்லாத் தாள்களை இணைக்க, தாயின் பெயரின் முதல் எழுத்தும் பிறந்த திகதியின் நாளும் சேர்ந்த குறியீட்டைப் பிள்ளையே எழுதலாம்.

தரம் 8 ஐயும் தரம் 12 ஐயும், அல்லது ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடுவதற்கு முன், கூற்றுகள் இரு சாராருக்கும் ஒரே பொருளைத் தருகின்றனவா என்ற அளவீட்டுச் சமநிலைச் சோதனையைச் செய்ய வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் 'கம்பனி' என்பது கடை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது வேறு.

இரண்டு விடைகள் எவ்வளவு சேர்ந்து கூடிக் குறைகின்றன என்று சொல்லும் இணைபுக் குணகத்தை எச்சரிக்கையோடு வாசியுங்கள். 2012 இல் வெளிவந்த பிரபலமான ஆய்வொன்று, இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்று நம்புவோர், அவர் தன் மரணத்தைத் தானே நாடகமாடினார் என்பதையும் நம்பும் போக்கு உள்ளவர் என்று நேர் இணைபைக் கொண்டு கூறியது. உலகமெங்கும் அது எடுத்தாளப்பட்டது. 2023 இல் இதை மீளாய்ந்தவர்கள், அந்த இணைபு பெரும்பாலும் இரண்டையும் நம்பாதவர்களால் வந்தது என்று காட்டினர். இரண்டுக்கும் 'பொய்' என்று குறித்தவர்கள் ஒரு மூலையில் திரண்டிருந்தால் கோடு தானாகவே மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். ஆகவே இணைபைக் கணிப்பதற்கு முன் சிதறல் வரைபடத்தை வரைந்து, புள்ளிகள் எந்த மூலையில் நிற்கின்றன என்று பாருங்கள்.

படி 9: அறிக்கையும் திரும்பிச் செல்லலும்

இடை (சராசரி), நியம விலகல் (விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்துள்ளன என்பது), ஒவ்வொரு கட்டத்திலும் இட்டவர்களின் வீதம், 'கேள்விப்படவில்லை' என்றோரின் வீதம் ஆகிய நான்கையும் கூற்றுவாரியாகக் கொடுங்கள். ஐந்து புள்ளி அளவில் இடை 3.1 வந்தால் 'பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல் சதியை நம்புகின்றனர்' என்று எழுத முடியாது. எல்லோரும் நடுக் கட்டத்தில் நின்றாலும் ஏறத்தாழ அந்த இலக்கமே வரும். இந்தப் புள்ளிக்கு மேல் நம்பிக்கையாளர், கீழே அல்லாதவர் என்று வெட்டுக்கோடு போடவும் ஆதாரமில்லை. பாடசாலைகளின் பெயரை எந்த அட்டவணையிலும் போடாதீர்கள், ஏனெனில் அடுத்த நாளே அது தரவரிசையாக வாசிக்கப்படும்.

சதிப் புள்ளியையும் சந்தேகப் புள்ளியையும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுங்கள். இரண்டும் உயர்ந்த பிள்ளை, சந்தேகம் மட்டும் உயர்ந்த பிள்ளை, சதி மட்டும் உயர்ந்த பிள்ளை ஆகிய மூவருக்கும் ஆசிரியர் செய்ய வேண்டியது வெவ்வேறு. சந்தேகம் மட்டும் உயர்ந்தவருக்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. அவருக்கு நல்ல நூலகமும் கேள்வி கேட்கும் நேரமும் போதும்.

தரவை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வராமல் இருப்பது எங்கள் பாடசாலைகளுக்குப் பழகிப்போன ஒன்று. அப்படிச் செய்யாதீர்கள். திரும்பிச் சென்றால் முதலில் வரும் கேள்வி, "சேர், அப்ப அந்த நாலாவது உண்மையோ?" என்பதாகத்தான் இருக்கும். அதற்காக ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு சிறு குறிப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: இதுவரை தெரிந்தது என்ன, அது எப்படித் தெரியவந்தது, இன்னும் விடை கிடைக்காதது எது. விடை கிடைக்காதவற்றை விடை கிடைக்காதவையாகவே சொல்லுங்கள். அந்த மாணவி அங்கே உட்கார்ந்திருப்பார். இந்தத் திரும்பும் நாளுக்கான பாடவேளையையும் முதல் அனுமதிக் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும், மூன்றாம் தவணைப் பரீட்சை நெருங்கிவிட்டால் எந்த அதிபராலும் ஒரு பாடவேளையைக்கூடத் தர முடியாது.